சிறு விமானங்களில் கோணம் மாறும் புரொப்பெல்லர்: பராமரிப்பும் ஓவர்ஹாலும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செஸ்னா 182, பைப்பர் ஆரோ, பீச்கிராஃப்ட் பொனான்ஸா போன்ற பிஸ்டன் எஞ்சின் விமானங்களை வைத்திருப்பவர்களும் அவற்றைப் பராமரிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இவ்வகை விமானங்களில் அதிகம் காணப்படுபவை ஹார்ட்ஸெல், மெக்காலி ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களின் அலுமினிய புரொப்பெல்லர்கள் என்பதால், பதில்கள் பெரும்பாலும் அவற்றையும் அமெரிக்க விதிகளையும் ஒட்டியே அமைகின்றன. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் வந்து சேரும் நடுப்பகுதியைக் குடம் என்பது நம் வழக்கம். பிளேடுகள் வந்து சேரும் நடுப்பகுதிக்கும் அச்சொல்லையே இங்கு பயன்படுத்தியுள்ளேன்.

பிளேடின் கோணம் ஏன் மாற வேண்டும்?

நிலையான கோணம் கொண்ட புரொப்பெல்லர், ஒரே கியர் உள்ள காரைப் போன்றது. மேலேறுவதற்கு ஏற்ற கோணத்தில் செய்தால் நேர்ப்பறப்பில் எஞ்சின் வீணாக வேகமெடுக்கும். நேர்ப்பறப்புக்கு ஏற்றபடி செய்தால் ஓடுபாதையில் இழுவை போதாது. கனடாவைச் சேர்ந்த வாலஸ் ரூபர்ட் டர்ன்புல் மின்மோட்டாரால் கோணத்தை மாற்றும் புரொப்பெல்லர் ஒன்றை உருவாக்க, அது 1927இல் பறந்து சோதிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வகையை ஃபிராங்க் கால்டுவெல் செம்மைப்படுத்தினார். அதற்காக ஹாமில்டன் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு, விமானத்துறைச் சாதனைக்கு அமெரிக்காவில் தரப்படும் காலியர் விருது 1933ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. இன்றைய சிறு விமானங்களில் இருப்பது, விமானி ஒரு சுற்று எண்ணிக்கையைத் தேர்ந்துவிட்டால் அதைத் தானே காத்துக்கொள்ளும் மாறாவேக வகை. அந்த வேலையைச் செய்யும் கருவிக்குக் கவர்னர் என்று பெயர்.

கவர்னர் எவ்வாறு அந்த வேகத்தைக் காக்கிறது? ஆயில் அழுத்தம் போய்விட்டால் என்ன நேரும்?

கவர்னருக்குள் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சிறு எடைகளும், அவற்றை எதிர்த்து அழுத்தும் ஒரு ஸ்பிரிங்கும் உள்ளன. விமானியின் கையிலுள்ள நீலப் பிடி அந்த ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத்தான் மாற்றுகிறது. வேகம் கூடினால் எடைகள் வெளிப்பக்கம் விரிந்து வால்வைத் தூக்கும். குறைந்தால் ஸ்பிரிங் வால்வைக் கீழே தள்ளும். குடத்துக்கு ஆயில் போவதையும் அங்கிருந்து திரும்புவதையும் இந்த வால்வே கட்டுப்படுத்துகிறது. கவர்னரின் சொந்தப் பம்ப் எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 பவுண்டு அளவுக்கு உயர்த்த, அந்த ஆயில் எஞ்சினின் சுழல்தண்டான, குழாய்போல் உள்ளீடற்ற கிராங்க் ஷாஃப்ட் வழியே குடத்துக்குச் சென்று அங்குள்ள பிஸ்டனை நகர்த்த, பிளேடின் கோணம் மாறுகிறது.

இரண்டாவது கேள்விக்கு எல்லா விமானங்களுக்கும் பொதுவான விடை கிடையாது. ஒற்றை எஞ்சின் விமானங்களில் பெரும்பாலும் ஆயில் அழுத்தம் கோணத்தைக் கூட்டுகிறது. அழுத்தம் போனால் பிளேடுகள் குறைந்த கோணத்துக்குத் திரும்பும், ஆகவே இழுவை கிடைக்கும், ஆனால் எஞ்சின் அளவுக்கு மீறி வேகமெடுக்காமல் திராட்டிலைக் குறைக்க வேண்டியிருக்கும். பைப்பர் செனெக்கா போன்ற இரட்டை எஞ்சின் விமானங்களில் இது தலைகீழ்: பிளேடின் அடியில் பொருத்திய எதிரெடைகளும், ஸ்பிரிங் அல்லது அடைத்த காற்றும் பிளேடுகளைக் காற்றோட்டத்துக்கு இணையான ஃபெதர் நிலைக்குத் தள்ளும்; செயலிழந்த எஞ்சின் விமானத்தைப் பின்னுக்கு இழுக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. பழுது தேடுபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, தன் முன்னால் இருப்பது இவற்றுள் எது என்பதே.

என் புரொப்பெல்லர் ஆறு ஆண்டில் 300 மணி நேரம்கூட ஓடவில்லை. அதற்குள் ஓவர்ஹால் செய்யச் சொல்வது வியாபாரமல்லவா?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்படும் கேள்வி இது; கேட்பவரின் எரிச்சலும் நியாயமானதுதான். ஹார்ட்ஸெல்லின் பல சிறு ரகங்களுக்கு 2400 மணி நேரம் அல்லது 6 ஆண்டு, எது முந்துகிறதோ அது எல்லை. தனியார் விமானங்கள் பலவற்றில் ஆண்டு எல்லையே முந்திக்கொள்கிறது. பறக்காத பொருளில் எது தேய்ந்துவிடப்போகிறது என்று தோன்றும். உண்மையில் தேய்மானம் இங்கு இரண்டாம்பட்சம்; முதன்மையான எதிரி அரிப்பு.

பிளேடின் அடித்தண்டு குடத்துக்குள் பேரிங்குகளின் மீது அமர்ந்திருக்கிறது. பகல் வெப்பத்திலும் இரவுக் குளிரிலும் குடத்துக்குள் ஈரம் வியர்த்து நிற்கும். கிரீஸிலுள்ள எண்ணெய் நாளடைவில் பிரிந்து வடியும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் இறுகி அமுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடும். நாள்தோறும் பறக்கும் பயிற்சி விமானத்தில் கிரீஸ் அசைந்து பரவிக்கொண்டிருக்கும். கூடாரத்தில் மாதக்கணக்கில் நிற்கும் விமானத்தில் ஈரம் ஒரே இடத்தில் தங்கி, பேரிங் பாதையிலும் அலுமினியத் தண்டிலும் சிறு குழிகளைத் தோண்டும். ஓவர்ஹாலுக்குப் பிரித்துப் பார்க்கும்போது, அதிகம் ஓடியதைவிட அதிகம் நின்றதே மோசமாக இருப்பது பட்டறைக்காரர்களுக்குப் புதிய செய்தியல்ல.

அந்தக் குழிகளை அலட்சியப்படுத்த முடியாத காரணம் சுமையில் இருக்கிறது. 82 அங்குல விட்டமுள்ள செஸ்னா 182 புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2400 சுற்றில் ஓடும்போது, பிளேடின் நுனி மணிக்குச் சுமார் 940 கி.மீ. வேகத்தில் செல்கிறது, ஒவ்வொரு பிளேடும் குடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியேற முயலும் விசை 10 டன்னைத் தாண்டும். அதன்மேல் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் பிளேடை முன்னும் பின்னும் அதிரச் செய்கிறது. இத்தகைய சுமையில் ஊசிமுனை அளவுக் குழியும் விரிசலின் தொடக்கமாகலாம்.

இன்னொன்று: ஹார்ட்ஸெல்லின் கணக்கில், புரொப்பெல்லர் முதன்முறை பொருத்தப்பட்ட நாளிலிருந்து ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும், பிறகு கழற்றி அலமாரியில் வைத்தாலும் அது நிற்பதில்லை.

அந்த எல்லை சட்டப்படி கட்டாயமா?

அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குப் பறக்கும் சிறு விமானத்துக்கு, தயாரிப்பாளர் கூறும் ஓவர்ஹால் காலம் பொதுவாகப் பரிந்துரை மட்டுமே. ஆனால் கூட்டரசு விமான நிர்வாகத்தின் வான்தகுதி ஆணைகளும், கையேட்டின் வான்தகுதி வரம்புப் பகுதியும் கட்டாயமானவை. வாடகை விமானச் சேவைக்கும் பிற நாடுகளுக்கும் விதி வேறு. கட்டாயமில்லை என்பதைத் தேவையில்லை என்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். குடத்தின் உள்ளே இருப்பதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லலாம்.

பறக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பிளேடின் முன்விளிம்பைத் துணியாலோ கையுறை அணிந்த விரலாலோ தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் வடு விரலுக்குத் தப்பாது. அதற்கு முன், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் அணைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, அப்போதும் புரொப்பெல்லரைச் சுற்றுப்பாதைக்கு வெளியே நின்றே தொடுங்கள். பிளேடின் அடியிலும், குடத்தை மூடியிருக்கும் கூம்பு உறையான ஸ்பின்னரின் உட்புறத்திலும் கிரீஸ் அல்லது ஆயில் தெறித்த கோடுகள் உண்டா, ஸ்பின்னரிலும் அதன் தாங்குதட்டிலும் விரிசல் உண்டா, பிளேடை மெல்ல அசைத்தால் கையேடு அனுமதிக்கும் அளவுக்கு மேல் ஆட்டம் உண்டா என்பவை அடுத்தவை. விமானத்தைத் தள்ளவோ இழுக்கவோ பிளேடைப் பிடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

கல் பட்டு முன்விளிம்பில் ஏற்பட்ட வடுவை யார், எப்படிச் சரிசெய்யலாம்?

சிறிய வடுவை உரிமம் பெற்ற மெக்கானிக் விமானத்திலேயே அரத்தால் சரிசெய்யலாம். வடுவின் அடிமட்டம் வரை உலோகத்தை நீக்கி, பள்ளம் இருந்த இடமே தெரியாதபடி இருபுறமும் சரிவாக இழைக்க வேண்டும். ஹார்ட்ஸெல் கையேடு கூறும் அளவு: விளிம்பில் ஆழத்தைப்போல் 10 மடங்கு நீளம், பிளேடின் முகப்பிலும் முதுகிலும் 20 மடங்கு. அரத்தைப் பிளேடின் நீளவாட்டில் ஓட்ட வேண்டும். குறுக்கே ஓட்டினால் அரத்தின் கீறலே புதிய விரிசலுக்கு வழிகாட்டும். பிறகு மெல்லிய உப்புத்தாளால் மழித்து, விரிசலுக்குள் சாயம் ஊடுருவிக் காட்டிக்கொடுக்கும் முறையில் விரிசல் எஞ்சவில்லை என்று உறுதிசெய்து, இரசாயனக் காப்புப்பூச்சும் பெயின்டும் இட வேண்டும்.

வடுவை உளியால் தட்டி நிமிர்த்துவது, வெல்டிங் வைப்பது, பசையால் நிரப்புவது ஆகிய மூன்றும் கூடாது. வளைந்த பிளேடை அங்கேயே நிமிர்த்த முயல்வதும் அப்படியே. அமெரிக்க விதிகளின் 65ஆம் பகுதி, புரொப்பெல்லரின் பெரும்பழுதுகளைத் தனி மெக்கானிக்கின் அதிகாரத்திலிருந்து வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. அவை அதற்கான தகுதிச் சான்று பெற்ற பழுதுநிலையத்துக்கு உரியவை.

கிரீஸ் எப்போது, எவ்வளவு இட வேண்டும்?

கிரீஸ் முனை உள்ள ஹார்ட்ஸெல் குடங்களுக்கு 100 மணி நேரம் அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை. கடற்கரையிலோ ஈரம் மிகுந்த இடத்திலோ நிற்பதானால் 6 மாதம். ஒவ்வொரு பிளேடுக்கும் எதிரெதிராக இரு முனைகள் உண்டு. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதன் வழியே மெதுவாக ஏற்ற வேண்டும். எதிர்த் துளையில் கிரீஸ் தலைகாட்டினாலோ, ஏற்றியது சுமார் 30 மில்லிலிட்டரை எட்டினாலோ நிறுத்திக்கொள்ள வேண்டும். எதிர் முனையைக் கழற்ற மறந்து அழுத்தினால் கிரீஸ் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். நல்ல புரொப்பெல்லரைப் பராமரிப்பின் பெயரால் கெடுப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. வெவ்வேறு கிரீஸ்களைக் கலக்கக் கூடாது. உள்ளே இருப்பது எது என்பதைக் குடத்தில் ஒட்டிய சீட்டிலோ லாக்புக்கிலோ பார்த்துக்கொள்ளலாம்.

என் மெக்காலியின் குடத்தருகே சிவப்பு எண்ணெய் தெரிகிறது. இது எங்கிருந்து வந்தது?

மெக்காலியின் பல ரகங்களில் கிரீஸுக்குப் பதிலாகக் குடத்துக்குள் சிவப்புச் சாயமிட்ட ஆயிலை நிரப்புகிறார்கள். அது உள்ளுறுப்புகளை அரிப்பிலிருந்து காப்பதோடு, ஒரு காவல் வேலையும் செய்கிறது: குடத்தில் விரிசல் விழுந்தால் சிவப்புக் கசிவு முதலில் காட்டிக்கொடுக்கும். சீல் கசிந்தாலும் அதே நிறம்தான் தெரியும். இரண்டில் எது என்று தெரியும் வரை விமானம் தரையிலேயே இருக்க வேண்டும். துடைத்துவிட்டுப் பறந்து பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். எஞ்சின் ஆயிலின் நிறத்தில் கசிந்தால், பிஸ்டன் சீல், கிராங்க் ஷாஃப்ட் விளிம்பின் ஓ-ரிங், எஞ்சினின் முன்பக்க சீல் என்ற வரிசையில் தேடலாம்.

சுற்று எண்ணிக்கை ஏறி இறங்கி அலைகிறது. கவர்னரை மாற்றிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். குளிர்ந்த ஆயிலும் குடத்தில் சிக்கிய காற்றும் இதே அறிகுறியைத் தரும். ஓடுபாதைக்கு முன் புரொப்பெல்லர் பிடியை ஓரிரு முறை பின்னிழுத்து விடுவதன் நோக்கங்களில் ஒன்று, குடத்திலுள்ள பழைய ஆயிலை வெளியேற்றிச் சூடான ஆயிலை வரவழைப்பது. அதற்குப் பிறகும் அலைந்தால், பிடியிலிருந்து கவர்னர் வரையுள்ள கேபிளில் தொய்வு உண்டா என்று பார்க்கலாம். கிராங்க் ஷாஃப்டுக்குள் ஆயில் செல்லும் இடத்துப் பேரிங் தேய்ந்து அழுத்தம் கசிவதும், உள்ளே படிந்த கசடும், பிளேடு பேரிங்குகளின் இறுக்கமும் அடுத்த ஐயங்கள். அலைவது சுற்று எண்ணிக்கையைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள் மட்டும்தானா, எஞ்சின் ஓசையும் கூடவே அலைகிறதா என்பதைக் காதால் கேட்டு முடிவுசெய்துகொள்வது, பல நேரங்களில் ஒரு கவர்னரின் விலையை மிச்சப்படுத்தும்.

ஓவர்ஹாலின்போது பட்டறையில் உண்மையில் என்ன நடக்கிறது?

அமெரிக்க விதிகளின்படி, ஒரு பொருளை ஓவர்ஹால் செய்ததாக லாக்புக்கில் எழுத வேண்டுமானால் அது பிரிக்கப்பட்டு, துலக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, தேவையானவை பழுதுநீக்கப்பட்டு, மீண்டும் இணைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். சீல்களை மட்டும் மாற்றி வெளியே பெயின்ட் அடித்ததை அந்தச் சொல்லால் அழைக்க இயலாது. கசிவுக்காகச் செய்யும் சீல் மாற்றத்துக்கும் தனி இடம் உண்டு. ஆனால் அது மணிக்கணக்கையோ ஆண்டுக்கணக்கையோ பூஜ்யத்துக்குக் கொண்டுவராது. பழைய புரொப்பெல்லர் விமானத்தை வாங்குபவர்கள் லாக்புக்கில் இந்தச் சொல் வேறுபாட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

வேலை காகிதத்தில் தொடங்குகிறது: குடம், பிளேடு ஆகியவற்றின் வரிசை எண்களை வைத்து, அவற்றுக்குப் பொருந்தும் வான்தகுதி ஆணைகளும் தயாரிப்பாளரின் அறிவிக்கைகளும் எவை என்று பார்க்கிறார்கள். பிரித்துப் பெயின்டை நீக்கியபின், அலுமினிய உறுப்புகளைச் சாயம் ஊடுருவும் முறையிலும், எஃகு உறுப்புகளைக் காந்தத்துகள் முறையிலும், ஆணை கோரும் இடங்களில் குடத்தைச் சுழல்மின்னோட்ட முறையிலும் சோதிக்கிறார்கள். பிளேடை மேடையில் ஏற்றி, மையத்திலிருந்து குறிப்பிட்ட தூரங்களில் அகலம், தடிமன், நேர்மை, முறுக்கக் கோணம் ஆகியவற்றை அளக்கிறார்கள். பேரிங்குகள், ஓ-ரிங்குகள், கையேடு குறிப்பிடும் போல்ட்டுகள் ஆகியவை நன்றாக இருந்தாலும் புதியவையாகின்றன. அடித்தண்டின் மேற்பரப்பை உருளைகளால் அழுத்திக் குளிர்நிலையில் இறுக்குவது சில ரகங்களில் உண்டு. மேற்பரப்பு அமுக்கத்தில் இருந்தால் விரிசல் எளிதில் வாய்திறக்காது. இறுதியில் கோண எல்லைகளை அமைத்து, கசிவும் இயக்கமும் பார்த்து, எஞ்சினில் ஓடவிடாமலே எடையைச் சரிபார்க்கும் நிலைச்சமநிலை செய்து அனுப்புகிறார்கள்.

வடிவம் நன்றாகத்தான் இருக்கிறது. என் பிளேடை ஏன் தள்ளுபடி செய்தார்கள்?

அரிப்புக் குழியைப் போக்க ஒரே வழி, குழியின் அடிவரை உலோகத்தை இழைத்து எடுப்பதுதான். எடுத்த உலோகத்தை யாராலும் திரும்ப வைக்க முடியாது. ஒவ்வொரு ஓவர்ஹாலிலும், ஒவ்வொரு கல்லடி வடுவிலும் பிளேடு மெலிந்துகொண்டே வந்து, ஒருநாள் கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்குகிறது. அன்று அது கண்ணாடிபோல் மின்னினாலும் கழிவுதான். தள்ளுபடி செய்த பட்டறையோடு சண்டை போடுவதைவிட, அளவுத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. நேர்மையான பட்டறை தயங்காமல் தரும்.

குழியை இழைக்கும் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்குச் சிறு விமானத்துக்கு வெளியே ஒரு சான்று உண்டு. 1995 ஆகஸ்ட் 21 அன்று அட்லான்டாவிலிருந்து புறப்பட்ட எம்ப்ரேர் 120 பயணிகள் விமானம், இடப்பக்கப் புரொப்பெல்லரின் பிளேடு ஒன்று பறப்பில் முறிந்ததால், ஜார்ஜியா மாநிலத்தின் கரோல்டன் அருகே விழுந்தது. பிளேடின் உள்துளையில் தோன்றிய அரிப்புக் குழியிலிருந்து விரிசல் வளர்ந்திருந்தது. அதே பிளேடு முன்னதாக மீயொலிச் சோதனையில் ஐயத்துக்குரியது என்று ஒதுக்கப்பட்டு, பழுதுநிலையத்தில் உள்துளை இழைக்கப்பட்டு, விரிசல் உள்ளேயே இருக்க, சேவைக்குத் திரும்பியிருந்தது. குறையின் அடையாளத்தை நீக்குவது வேறு, குறையை நீக்குவது வேறு. அரம் பிடிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வழக்கு இது.

பிளேடைப் பளபளவென்று மெருகிட்டு வைத்திருப்பது நல்லதா?

பெயின்டும் அதன் அடியிலுள்ள அனோடைஸ் அல்லது இரசாயனப் படலமும்தான் அலுமினியத்தின் தோல். மெருகுத் தூள் அதை உரித்துவிடுகிறது. விமானியைப் பார்க்கும் பக்கம் மங்கலான கறுப்பாக இருப்பது கண் கூசாதிருக்க. அழுத்தமான நீர்ப்பீச்சு, காரமான சோப்பு இரண்டையும் குடத்தருகே கொண்டுபோகாமல், ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

தாழ்வேகத்தில் புல்லிலோ மண்ணிலோ பிளேடு நுனி பட்டுவிட்டது. வளைவு எதுவும் தெரியவில்லை.

வளைவு தெரியாதது ஆறுதலல்ல. பிளேடில் பட்ட அடி கிராங்க் ஷாஃப்ட் வழியே எஞ்சினின் பின்கோடி வரை போகிறது. லைகாமிங் எஞ்சின்களுக்கு, இத்தகைய அடி நேர்ந்தபின் கிராங்க் ஷாஃப்டின் பின்முனைப் பல்சக்கரத்தைப் பரிசோதித்து, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் பூட்டுத்தகட்டையும் மாற்ற வேண்டும் என்று 2004-10-14 என்ற எண்ணுள்ள வான்தகுதி ஆணை கட்டளையிடுகிறது. அந்த ஒரு போல்ட் விட்டுப்போனால் எஞ்சின் நின்றுவிடும். புரொப்பெல்லரைத் தகுதிபெற்ற பட்டறைக்கும், எஞ்சினைத் தயாரிப்பாளர் சொல்லும் பரிசோதனைக்கும் அனுப்பியபிறகே அடுத்த பறப்பு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தெரிவித்துவிடுங்கள்.

அதிர்வைக் குறைக்க இயங்குநிலைச் சமநிலை செய்வது பயன் தருமா?

தரும். எஞ்சினில் உணரியைப் பொருத்தி ஓடவிட்டு, ஸ்பின்னரின் தாங்குதட்டில் சிறு எடைகளைச் சேர்ப்பது இம்முறை, வினாடிக்கு 0.2 அங்குலம் அல்லது அதற்குக் கீழ் அதிர்வு இருந்தால் ஹார்ட்ஸெல் ஏற்கிறது. ஆனால் நேற்று வரை அமைதியாக ஓடியது இன்று திடீரென அதிர்ந்தால், எடை சேர்த்து அதை அடக்க முயலக் கூடாது. முதலில் விரிசலைத் தேட வேண்டும்.

சமநிலையால் தீராத அதிர்வும் உண்டு. எஞ்சினும் புரொப்பெல்லரும் சேரும்போது சில சுற்று எண்ணிக்கைகளில் பிளேடு ஒத்ததிர்வு கொள்கிறது. பைப்பர் ஆரோ போன்ற விமானங்களின் சில ரகங்களில் டாக்கோமீட்டரின் நடுவில் வரும், தொடர்ந்து ஓட்டக் கூடாத வேகங்களைக் குறிக்கும் தடைப்பட்டைக்குக் காரணம் அதுவே. மீட்டர் 100 சுற்று பிசகினால் விமானி அறியாமலே அந்தப் பட்டைக்குள் மணிக்கணக்கில் பறந்துகொண்டிருப்பார். ஆகவே டாக்கோமீட்டரைச் சரிபார்ப்பதும் புரொப்பெல்லர் பராமரிப்பில் சேர்ந்ததே.

மரமும் கண்ணாடியிழையும் சேர்ந்த பிளேடுகளுக்கும் இவையெல்லாம் பொருந்துமா?

ஓரளவுக்கே. ஜெர்மனியின் எம்.டி. நிறுவனப் பிளேடுகளில் மர உள்ளீட்டின் மேல் இழை உறையும், முன்விளிம்பில் உலோகக் கவசமும் இருக்கும். நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், உறை பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாகும். அலுமினியத்துக்குச் சொன்ன அர வேலையை இங்கே செய்யக் கூடாது. ஈரம் மரத்துக்குள் இறங்காதபடி உறையின் கீறலை உடனே அடைக்க வேண்டும், அதுவும் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள்.

ஓவர்ஹால் முடிந்து வந்ததைப் பொருத்தியபின் எதைக் கவனிக்க வேண்டும்?

எஞ்சின் விளிம்பிலுள்ள ஓ-ரிங்கைப் புதிதாக வைத்து, கையேடு கூறும் முறுக்குவிசையில் இறுக்கிப் பாதுகாப்புக் கம்பி கட்டியபின், தரையில் ஓட்டிக் காற்றை வெளியேற்றி, முழுச் சக்தியில் சுற்று எண்ணிக்கை சிவப்புக் கோட்டைத் தாண்டவில்லை என்று பார்க்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் பிளேடின் அடியில் மெல்லிய கிரீஸ் கோடு தென்படலாம். இணைக்கும்போது சீலுக்கு வெளியே தங்கிய கிரீஸ் அது. துடைத்துவிட்டு அடுத்த பறப்பில் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் கவலையில்லை. பத்து மணி நேரத்துக்குப் பிறகும் அதே அளவில் வந்துகொண்டிருந்தால், உத்தரவாதக் காலம் முடியும் முன் பட்டறைக்குத் திருப்பி அனுப்புங்கள்.